ஐந்து விநாடி நைட்டால்

ஃபீனால், ஃபார்மால்டிஹைடு:
பாலிமர் பாடத்தில் பதினாறு மதிப்பெண் கேள்வி.
நான் அதை மனப்பாடம் செய்யவில்லை.
எங்கள் வீட்டில் அந்த வாசம்
ஆறே கால் அரசூர் பஸ்ஸில் வந்து இறங்கும்,
செருப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பை உதறி,
"காப்பித்தூள் இருக்குதா அம்மிணி" என்று கேட்கும்.

பிசின் பூசிய மணலைச் சூட்டச்சில் நிரப்பி
பம்புக் கூட்டின் வயிற்றுக்கு
வெற்றிடம் செய்வது அம்மாவின் வேலை.
கோர் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்.
இரும்பு வந்து சூழும், ஆறும்.
மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள்.
அது இருந்த இடம் மட்டும் மிஞ்சும்.
அதன் வழியாகத்தான் சிவகிரிப் பக்கம் யாரோ
மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுகிறார்கள்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை
பதினான்கு கூடுகள் ரிஜெக்ட்.
ஓட்டை. ஊதல். கோரில் கோளாறு, என்று
சூப்பர்வைசர் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாராம்.
சம்பளக் கவரில் அறுநூறு குறைந்தது.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
ரசத்தில் உப்பு இல்லையென்று
நானும் சொல்லவில்லை.

உடைத்துப் போட்ட குவியலிலிருந்து ஒரு துண்டு
டிபன் டப்பாவில் வந்தது.
"இது திருட்டாயிடாதா?"
"பாடம்மா, பாடம்."

செவ்வாய் மதியம், உலோகவியல் ஆய்வகம்.
திருமூர்த்தி அண்ணன் அறுத்துக் கொடுத்தார்.
உப்புத்தாள் இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு, ஆயிரம்.
ஒவ்வொரு தாளுக்கும் துண்டைச் செங்கோணம் திருப்பு.
முந்தின தாள் போட்ட கீறல் சாகும்வரை தேய்.
ஒரு கீறல் சாகவே இல்லை.
ரம்ஜியா வாங்கித் தேய்த்தாள், திட்டிக்கொண்டே தேய்த்தாள்.
இருவர் நகக்கண்ணும் கறுத்தபின்
வெல்வெட்டில் அலுமினாப் பால் ஊற்றிச் சுழற்ற,
இரும்பில் என் மூக்கு தெரிந்தது.

வாயு விட்டுப்போன ஓட்டை
உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும்
என்கிறது புத்தகம்,
பால் பொங்கும்போது எழும் குமிழி மாதிரி.
என் துண்டில் ஓட்டைக்கு உருவமே இல்லை.
கிழிந்த ஓரம். உள்ளே
பெரணி இலையாய்க் கிளைவிடப் பார்த்து
பாதியில் இரும்பு போதாமல் நின்ற இரும்பு.
கடைசியில் உறைந்த மூலைக்கு
உருகியது போய்ச் சேரவில்லை.
அச்சை வரைந்தவர் கணக்கு தப்பியிருக்கலாம்,
ஊற்றியவர் அவசரப்பட்டிருக்கலாம்.
மணல் தப்பு செய்யவில்லை.

மணல் தப்பு செய்யவில்லை என்றெழுத
ரெக்கார்டு நோட்டில் கட்டம் கிடையாது.
'முடிவு: சுருக்கக் குழிவு' என்று எழுதினேன்.
பத்துக்கு எட்டு.
பென்சில் கூர் போதவில்லையாம்.

பிறகுதான் அமிலம்.
சாராயத்தில் இரண்டு சொட்டு நைட்ரிக்,
ஐந்து விநாடி, எடு, கழுவு, காய வை.
மறுபடி குனிந்து பார்த்தால்
கறுப்புப் புழுக்களாய்க் கிராஃபைட்,
புழுக்களுக்கு இடையே வரிவரியாய்ப் பெர்லைட்.
கண்வில்லையில் போனை வைத்துப் படம் பிடித்தேன்.

"ஆரு கைரேகை இது?" என்றாள் அம்மா.
"இரும்பும்மா."
"இரும்புக்கா?"
சிரித்துவிட்டுத் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.
போன மாசம் ரேசன் கடை மெஷின்
அவளை நாலு தடவை யாரென்று கேட்டது.
ஈரத் துணியில் துடைத்து வைத்தாள், எண்ணெய் தொட்டு வைத்தாள்,
இடக்கையும் வைத்தாள்.
மணல் எல்லாவற்றையும் வழித்துவிட்டிருந்தது.
சர்க்கரை வாங்க நான்தான் போனேன்.

அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.
கிழிந்த ஓட்டை.
வெகுநேரம் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கி.
"இதைய என்ற போன்ல ஏத்திக் குடு.
நாளைக்கு அந்தாளு ஊதல்னு சொன்னா
நான் என்னன்னு சொல்லோணும்?"

சுருக்கம், என்றேன்.

பாத்திரம் விளக்கும் சத்தத்துக்கு நடுவில்
இரண்டு தடவை
சொல்லிப் பார்த்தாள்.