கேட்பாரற்றவை

தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிய வட்டு.
பிப்ரவரி. க்ளாக்ஸ்விக் மீன் ஏலக்கூடத்தின் மாடியில்
ஹீட்டருக்கும் சர்வருக்கும் நடுவே என் நாற்காலி.
கீழே தரையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்;
உப்பும் குளோரினும் படியேறி வருகின்றன.

திரையில் ஒரு பட்டியல்:
இவை யாருக்காக வந்தனவோ அவை இப்போது இல்லை,
இவற்றை நம்பி வேறெதுவும் இல்லை.
நாற்பத்து மூன்று பொதிகள். நீக்கவா?
ஆம் என்றால் ஒரு எழுத்து.
இல்லை என்றாலும் ஒரு எழுத்துதான்.

படித்தேன்,
சத்தியமாக இருபதாவது வரை படித்தேன்.
எழுத்துருக்கள், யாரோ எப்போதோ பார்த்த படத்துக்கான ஒலிப்பிரிப்பான்,
குப்பைக்குப் போன அச்சு இயந்திரத்தின் மிச்சங்கள்.
பிறகு தட்டினேன்.
வட்டு மூச்சுவிட்டது. நான் வீட்டுக்குப் போனேன்.

ஐந்தரைக்குப் போன்.
"ரன்வா, தராசு கோடு போடுது."
எடை இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு சின்னக் கோடுகள்.
மூன்று படகுகள் துறையில். ஐஸ் பெட்டிகளில்
காட் மீன்கள் விலையில்லாமல் வாய் பிளந்து கிடந்தன.

இருபத்தொன்றாவது பெயர் அது.
பழைய தராசின் பேச்சைக் கணினிக்குச் சொல்லும்
பதினெட்டு கிலோபைட் துபாஷி.
கூட்டிவந்த நிரல் என்றோ கிளம்பிவிட,
இது மட்டும் தங்கிவிட்டது, பேசிக்கொண்டே.
பொதிக்குப் பொதிதான் இங்கே சாட்சி.
தராசு பொதி அல்ல. காட் மீன் பொதி அல்ல.
ரப்பர் பூட்ஸோடு என் முதுகுக்குப் பின்னால்
மூச்சு வாங்கி நிற்கும் ஹோக்னி
எந்தப் பட்டியலிலும் இல்லை.

திரும்ப நிறுவக் கேட்டேன்.
அப்படியொரு பெயரை நான் அறியேன்
என்றது களஞ்சியம், இரண்டு நொடியில்.
அந்த இரண்டு நொடியும் ஹோக்னி பேசவில்லை.

என் சோம்பல்தான் காப்பாற்றியது.
இறக்கிய மூட்டைகள் கிடக்கும் அடைவை
நேற்றே துடைத்திருக்க வேண்டும்;
காபி ஆறிவிட்டதென்று விட்டிருந்தேன்.
2011ஆம் ஆண்டுத் தேதியோடு
கிடந்தது அங்கே.

நிறுவினேன். இம்முறை
'தானாக வந்தது' என்ற குறியை அழித்து
'கேட்டு வாங்கியது' என்று மாற்றினேன்.
கேட்டது யார் என்று எழுத
அங்கே இடம் இல்லை.

கீழே எண் திரும்பியது: முப்பத்தொன்று புள்ளி நான்கு.
யாரோ விலை கூவினார்கள்.
ஹோக்னி ஈரத்தடம் வைத்தபடி படியிறங்கினான்.

வட்டு இன்னும் தொண்ணூற்று மூன்றில் நிற்கிறது.
மூட்டைகளைத் துடைத்தால் எண்பதாகும்.

இருக்கட்டும்.