நிகர எடை

நாலுக்குப் பூஜ்யம்.
அதுவும் சொந்தத் திடலில்.
அதுவும் தஞ்சோங் மாலிம்காரனிடம்.

போன வாரம் மூன்று. அதற்கு முந்தின வாரம்
மழையில் ஆட்டம் நின்றதால் தப்பித்தோம்.
இந்தப் பருவத்தில் நமக்கிருக்கும் ஒரே தடுப்பாட்டக்காரன்
மழைதான் என்றான் கச்சான் விற்கிற தர்மலிங்கம்.
சிரிப்பு வரவில்லை எனக்கு.

செம்பனை ஆலையில் எடைப்பாலம் பார்க்கிறவள் நான்.
சனிக்கிழமை மாலை ஷிப்டை ரொஸ்னா வாங்கிக்கொள்ள
அவளுடைய இரண்டு இரவை நான் வாங்க வேண்டும்.
இரண்டு இரவு கண்விழித்து வாங்கிய
தொண்ணூறு நிமிடம், சவரிநாதன் சார்.
என்ன செய்தீர்கள் அதை?

ஐந்து பேரை நடுவில் நிறுத்தினீர்கள்.
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோருக்கு நிற்பவர்கள்போல
ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.
முன்னால் ஒரே ஒருத்தன், ஹக்கிமி.
கையைத் தூக்கித் தூக்கிப் பந்து கேட்டான்,
நிற்காமல் போகிற கடைசி பஸ்ஸை
மறிக்கப் பார்க்கிறவன் மாதிரி.
அவனையும் அறுபதாவது நிமிடம் வெளியே எடுத்தீர்கள்.
ஒவ்வொரு வாரமும் அறுபதாவது நிமிடம்.
மணி பார்த்து மாத்திரை கொடுக்கிற தாதியா நீங்கள்?

கல்லூரி அணிதானே, பையன்கள் படிக்கட்டும் என்கிறார்கள்.
படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது?
ஆனால் சிலிம் ரிவரில் சனிக்கிழமைக்கு
வேறென்ன இருக்கிறது?
இரண்டு கைப்பேசிக் கடை,
எட்டரைக்குக் கதவிறக்கும் பேரங்காடி.
ஆலைப்புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று
பார்த்துக்கொண்டிருக்கலாம்.
பிறகு அந்தத் திடல்.
பச்சைச் சட்டையில் பதினொரு பேர்.

மனு எழுதினேன்.
கல்லூரி இயக்குநருக்கு, மலாயில்.
பிழைகளை ரொஸ்னா திருத்தினாள்.
'மரியாதையுடன்' என்பதை மூன்று இடத்தில் சேர்த்தாள்.
நாற்பத்து மூன்று கையெழுத்து:
லிம் பட்டறையில் மட்டும் பதினொன்று.
முடிவெட்டும் கடையில் ஒருவர் போட்டு முடித்துவிட்டு
எந்தப் பயிற்றுநர் என்று கேட்டார்.
கைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு பத்து.
பாலத்தில் ஏறுகிறது ஒரு பழைய ஹைலக்ஸ்.
பின்னால் குலைகள்.
முன்னால் அவர்.
இரண்டு ஏக்கர் இருக்கிறதாம், மனைவி பெயரில்.
எடை போடும்போது வண்டியில் ஆள் இருக்கக்கூடாது.
இறங்கி என் சன்னலுக்கு வெளியே நின்றார்,
சவரம் செய்யாத முகம்,
நேற்றைய அதே பச்சைத் தொப்பி.

கேட்டுவிட்டேன்.
"ஹக்கிமிய ஏன் சார் அறுபதுலயே எடுக்கறீங்க?"

திரையில் ஓடும் எண்களைப் பார்த்தபடி சொன்னார்:
"கையுறை ஃபேக்டரி வேன் ஆறரைக்கு வந்துரும்மா.
அத விட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல அவனுக்கு."

எண்கள் நடுங்கி நடுங்கி
ஓர் இடத்தில் நின்றன.
எனக்கு நிற்கவில்லை.

"சரி சார். அப்படின்னா
அந்த அறுபது நிமிஷமாவது
பக்கத்துல இன்னொருத்தன விடலாமே?"

வாயைத் திறந்தார். மூடினார்.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
பதிலில்லை.
உண்மையிலேயே, அந்த மனுஷனிடம்
அதற்குப் பதிலில்லை!

குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் வண்டியோடு திரும்பி வந்தார்.
மொத்தத்திலிருந்து வண்டியைக் கழித்தேன்.
அறுநூற்று நாற்பது கிலோ.
என் கோபத்தையும் அப்படித்தான்,
வேனைக் கழித்துவிட்டுப் பார்த்தேன்.
குறைந்திருந்தது. ஆனால் லேசாகிவிடவில்லை.

சீட்டை நீட்டினேன்.
படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.
மனுவை நீட்டியிருந்தால் அதிலும் போட்டிருப்பார்,
நாற்பத்து நான்காவதாக.

அடுத்த சனி ஆட்டம் பீடோரில்.
தூரம் அதிகம் என்று
ரொஸ்னா மூன்று இரவு கேட்கிறாள்.