தெருவைப் பார்த்தபடி

சத்துவாச்சாரி இரண்டாம் பகுதியில்
கோகிலம் டீச்சர் கழுத்திலிருந்து ஐந்து பவுன் போன
பதினோராம் நாள் எனக்கு வேலை வந்தது.
எட்டு கேமரா, ஒரு பெட்டி, முப்பது நாள் பதிவு.
பில் வேண்டாம், ஜி.எஸ்.டி. இல்லாமல் முடித்துக்கொடு என்றார்
சங்கத் தலைவர் அற்புதராஜ்.
நாட்டில் சட்டம் ஒழுங்கே இல்லை என்று
அதற்கு முந்தைய வாக்கியத்தில்தான் சொல்லியிருந்தார்.

ஏணியில் நிற்பவனிடம் எல்லோரும் பேசுவார்கள்.
வேலூர் முன்பு போல் இல்லையாம்.
ஆஸ்பத்திரிக்கென்று வந்து லாட்ஜில் தங்குகிறவர்களில்
பாதிப் பேருக்கு நோயே இல்லையாம்.
காட்பாடியில் ரயில் நின்றால்
சங்கிலியைக் கழற்றி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டுமாம்.
இந்திக்காரன், மலையடிவாரத்துப் பையன்கள்,
பைக்கில் வரும் எந்த இரண்டு பேரும்.
பட்டியலில் என் கஸ்பாவும் ஒருமுறை வந்தது.
பல்லில் ஸ்க்ரூ கடித்திருந்ததால்
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

"மெட்ராஸ்ல பயந்துதாம்பா இங்க வந்து வீடு கட்னோம்.
இனிமே எங்க போறது, கணியம்பாடிக்கா?"
கணியம்பாடியில் போன மாதம்
நான்கு கேமரா மாட்டியதை
நான் சொல்லவில்லை.

முதல் வாரப் பதிவைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.
ஒன்றே காலுக்கு ஒரு நாய்.
இரண்டரைக்கு லென்ஸின் மேல் ஒரு சிலந்தி,
தெரு முழுவதையும் மிதித்துக்கொண்டு போகிறது.
நாலே முக்காலுக்குப் பால் பாக்கெட் பையன்;
ஒவ்வொரு கேமராவின் கீழும் நின்று
தலைமுடியைச் சரிசெய்கிறான்.
ஐந்து மணிக்கு அற்புதராஜ் சார்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக்
குப்பைப் பையைக் காலிமனைக்குள் வீசுகிறார்.
அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லிப் போன் வந்தது.
எடுத்துவிட்டேன்.

பதினாறாம் நம்பர்தான் பிடிபடவில்லை.
எதிர்வீட்டுச் சுவரில் மாட்டிய கேமராவில்
அதன் கேட் முழுசாகத் தெரியும்.
செவ்வாய். வெள்ளி. மறுபடி சனி.
பதினொன்றரை தாண்டிக் கதவு திறக்கும்.
ஒரு பெண் வந்து
ஸ்கூட்டி சீட்டில் உட்காருவாள்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
ஊரே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட நேரத்தில்
தெருவுக்கு வந்து அவள் மூச்சு விடுவாள்.
நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி.
பைக்கில் இரண்டு பேர் போகிறார்கள்,
நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.
வீட்டுக்குள் விளக்கு அணைந்த பிறகு
எழுந்து போவாள்,
கதவைத் தள்ளுமுன் ஒருமுறை நிற்பாள்.

பெயர் பிரமிளா. வீட்டுக்காரர் மின்வாரியத்தில்.
வயரை எலி கடித்த அன்று போயிருந்தேன்,
தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.
"இது சத்தமும் பிடிக்குமாண்ணா?"
இந்த மாடல்ல மைக் இல்லம்மா.
"மைக் வச்சா எவ்ளோ ஆகும்?"
எழுநூறு கூட ஆகும்.
விலை சொல்லத் தெரிந்த வாய்க்கு
அடுத்த கேள்வி வரவில்லை.
விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்,
காய்கறிக் காசில் மிச்சம் பிடிப்பவர்கள் போடும் கணக்கு.
முனையில் ஒரு புல்லட் திரும்பியது.
சொம்பை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே,
"படம் நல்லா தெளிவா இருக்குண்ணா" என்றாள்.

மூன்று மாதம் முடிந்து சங்கக் கூட்டம்.
இந்தத் தெருவில் இப்போது குற்றமே இல்லை என்று
அற்புதராஜ் சார் மைக்கில் அறிவித்தார்.
கோகிலம் டீச்சர் புதுச் சங்கிலியோடு வந்திருந்தார்.
கைதட்டினவர்களில் பதினாறாம் நம்பர்க்காரரும் ஒருவர்,
முன்வரிசையில், மடிப்புக் கலையாத சட்டை.
எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

அதை மடித்துக் கருவிப் பையில் வைக்கும்போது
விரலில் தட்டியது,
போன மாதமே வாங்கிய அந்த மைக்.
உறை இன்னும் பிரிக்கவில்லை.