லிஃப்டில் விழுந்த காசு

திபிலிசியின் பழைய ஒன்பது மாடிக் கட்டடங்களில்
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இருபது தெத்ரி.
சோவியத் காலத்துப் பெட்டி,
மாடிக்கு மாடி யோசித்து யோசித்துப் போகும்.

அதில்தான் கொலைகாரன் வருகிறான்.
நடித்தவர் ஷால்வா. மூன்று இரவு,
பிப்ரவரிக் குளிரில், கையுறை இல்லாமல்.
அவர் முகத்தை
எழுபது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.
இடது இமை மட்டும் லேசாய்த் துடிக்கும்.
நல்ல நடிகர்.

"பயமே வரலியே, லமாரா" என்றார் பிட்சினா,
சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி.

முதலில் முகம் போனது.
தோளும் மழைக்கோட்டும் மிஞ்சின.
அடுத்த வாரம் கோட்டும் போனது.
கதவிடுக்கில் ஒரு ஷூ, பதினோரு ஃபிரேம்.
அதை ஒன்பதாக்கினேன்,
பிறகு அதுவும் வேண்டாமென்றார்.
குறையக் குறைய
ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான்.

வயலின் போட்டோம், எடுத்தோம்.
ஃபிரிட்ஜின் ரீங்காரத்தை மட்டும்
காட்சி நெடுக ஓடவிட்டு
ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினேன்.
பிட்சினாவின் தாடை அசையாமல் நின்றது.

இப்போது இவ்வளவுதான்:
எட்டாம் மாடியில் ஒருத்தி வெங்காயம் நறுக்குகிறாள்.
கீழே எங்கோ காசு விழுகிறது.
கம்பிவடம் இழுபடுகிறது.
குழாய் திறந்திருப்பதால் அவளுக்குக் கேட்கவில்லை.
நமக்குக் கேட்கிறது.
மூன்று. நான்கு.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை,
ஆனாலும் எண்ணுகிறோம்.

முதல் நாள், முதல் காட்சி.
எனக்கு முன்வரிசையில் ஷால்வா, புது டையுடன்.
பக்கத்தில் மனைவி மாக்வாலா,
அவளுக்குப் பக்கத்தில் அவள் அலுவலகத்து ஆட்கள் நாலு பேர்.
இயக்குநர் சொல்லியிருப்பார் என்று நானும்
நான் சொல்லியிருப்பேன் என்று அவரும்
இருந்துவிட்டோம்.

காசு விழுந்தது.
அரங்கம் மூச்சை உள்ளே இழுத்து
வெளியே விட மறந்தது.
மாக்வாலா அவர் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு
"நீங்க எப்போ வருவீங்க?" என்று கிசுகிசுத்தாள்.
"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார்.

ஆறு. ஏழு.
லிஃப்ட் நின்றது. கதவு திறக்கும் சத்தம்,
திரையில் வெங்காயம் மட்டும், பாதி நறுக்கியபடி.
பின்னால் யாரோ வீறிட்டார்கள்.
நான் திரையைப் பார்க்கவில்லை.
கருத்தரித்த காலர் வரையில் முடி ஒழுங்காய் வெட்டிய
அந்தப் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
விளக்கு எரியும்வரை,
அது எப்போது திரும்பும் என்று.