முப்பத்தெட்டாவது விநாடி

வெளியே ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது
என்றார் பல் டாக்டர் வித்யுல்லதா.
நெல்லியாம்பதி எஸ்டேட் ஏலத்தில் எடுத்த வண்டி:
அறுபத்தேழாம் வருஷத்து ட்ரையம்ப்,
இரண்டே இருக்கை, பாசிப்பச்சை,
மூக்கு மட்டும் ஓர் ஆள் நீளம்.
"வேர் செத்துப்போச்சு, கிரவுன் நல்லாருக்கு.
உள்ளே சுத்தம் பண்ணிட்டு
அதே கிரவுனை மாட்டிக் குடுங்க."

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு
இந்தப் பக்கம் எங்கள் பட்டறை,
அந்தப் பக்கம் லாட்டரிக் கடை.
கணவாய்க் காற்றுக்கு மட்டும் பெர்மிட் கிடையாது.
காயாத பெயிண்டில் அது மண்ணைத் தூவ
மூன்று தரம் தேய்த்து
மூன்று தரம் அடித்தான் கமருதீன்.

ஒயர் வேலை என்னுடையது.
எலி தின்றது போக மிச்சமிருந்த
துணி சுற்றிய ஒயர்களை உருவிப் போட்டேன்.
டாங்க் இருந்த இடத்தில் பேட்டரி.
பெட்ரோல் மூடியைத் திறந்தால் சார்ஜ் துளை.
சோக் குமிழை இழுத்தால் ஏசி.
வேகமுள் பழையதுதான், மைல் கணக்கும் அதேதான்;
முள்ளைத் தள்ளுவது
சுண்டுவிரல் நகமளவு ஒரு மோட்டார்.
ஆர்சி புத்தகத்தில் பெட்ரோலை அடித்து
மின்சாரம் என்று எழுதிய கிளார்க் கேட்டார்,
"அப்புறம் சைலன்சர் எதுக்கு?"

ஓட்டிப் பார்த்து வந்த டாக்டர்
இறங்கியும் கதவைச் சாத்தவில்லை.
"எல்லாம் சரி.
குரல் இல்லையே."

சாக்கு போர்த்தி மூலையில் கிடந்த எஞ்சினைச்
சங்கிலியில் தூக்கிக் கட்டினோம்.
அரை லிட்டர் பெட்ரோல், பிளாஸ்டிக் குழாயில்.
ஒன்பதாவது தடவை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரையே அதிர்ந்தது.
நாற்பது விநாடி பதிவு செய்தேன்.
சத்தத்தை அடக்கவென்றே பிறந்த குழாய்க்குள்
ஸ்பீக்கரை வைத்து மூடினேன்.
மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும்,
நின்றால் லேசாக முனகும்.
தெருவே திரும்பிப் பார்த்தது.

இருமலை நான் கவனிக்கவில்லை.

முப்பத்தெட்டாவது விநாடியில்
கமருதீன் ஒரு தடவை இருமியிருக்கிறான்.
இருபது மைலில் அது கிழவன் இருமல்,
அறுபதில் பூனைக்குட்டித் தும்மல்,
சிக்னலில் நிற்கும்போது
யாரோ பின்னால் உட்கார்ந்து
ஏதோ சொல்ல வாயெடுப்பது போல.

ஒரு வாரம் கழித்து வண்டி வந்து நின்றது.
வெட்டி எடுத்துர்றேன் மேடம், அரை மணி நேர வேலை என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
"இது யாரோட இருமல்?"
பெயிண்ட் புகைங்க என்றான் கமருதீன்,
கையைப் பனியனில் துடைத்தபடி.
"ஏழு நாளா, நாளைக்கு நூறு தடவை கேக்கறேன்.
இது பெயிண்ட் இல்லை.
நாளைக்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுங்க."
பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று
அவர் போனபிறகு சிரித்தான்.
சிரிப்பில் பாதி இருமல்.

ஆறு மாதம் மாத்திரை.
சிவப்பாக மூத்திரம் போகுதுடா என்று
முதல் நாள் பயந்து ஃபோன் செய்தான்.
அப்புறம் உடம்பு ஏறியது,
பெல்ட்டில் ஆணி வைத்து
புது ஓட்டை போட்டுக்கொண்டான்.

மூலையில் அந்த எஞ்சின் மேல்
கோழி ஒன்று அடைகாக்கிறது.
விற்கலாம் என்றால்
பொரிக்கட்டும் என்கிறான்.

அவனுக்கு இருமல் நின்று எட்டு மாதம்.
வண்டிக்கு நிற்கவில்லை.
வெட்டட்டுமா என்று இன்னொரு முறையும் கேட்டேன்.
பழகிடுச்சு என்றார் டாக்டர்.
செக்போஸ்ட்டில் புதிதாக வருகிற ஒவ்வொரு போலீசும்
ஒரு தடவையாவது
டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
கொழிஞ்சாம்பாறை ரோட்டில்
அந்தச் சத்தம் தூரத்தில் கேட்கும்.
லாரிக்கு அடியில் படுத்திருப்பவன்
தலையைத் தூக்காமல் சொல்வான்,
"அங்க நான் போறேன் பாரு."