எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஓர் அரைவட்டம்

முன்னால் பெய்யும் மழைக்கு இரண்டு கை இருந்தது.
பின்னால் பெய்யும் மழைக்கு இருந்த ஒன்று
சித்திரை வருசம் முடிந்த கிழமை
பாதிக் கண்ணாடியில் நின்றுபோனது.
பார்ப்போம் என்றேன்,
பார்க்க முடியாத பக்கத்தைப் பற்றி.

வெசாக்குக்கு மூன்று நாள் இருக்க
கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் காரைப் பின்னெடுத்தேன்.
அடைமழை.
பக்கத்து வீட்டு லயனல் வீரக்கொடி
குடையோடு வந்து, வழக்கம்போல டிக்கியில் தட்டி
“என்ன, என்ன” என்றார்.
அவர் மொழியில் அது வா, வா.
பதினொரு வருசமாக அவர் அப்படிக் கூப்பிட
“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று நான் பின்னால் போவேன்.
எங்களுக்குள் இருந்த ஒரே பகிடி அது.

“எத்தி, எத்தி” என்று அவர் கத்தியது, போதும் என்று,
மழையில் கேட்கவில்லை.
மூங்கில் முறிந்தது கேட்டது.

எட்டுப் பட்டை வெசாக் கூடு.
இன்னும் தாள் ஒட்டவில்லை.
முறிந்த பக்கத்தைப் பார்த்தார்,
பிறகு என் பின் கண்ணாடியை.
ஏசியிருக்கலாம்.
குடையை என் பக்கம் சரித்தார்.

பஞ்சிகாவத்தையில்
கதவுகளும் கண்களும் கழற்றி அடுக்கிய ஒரு கடைக்குள்
இஸ்ஸதீன் நானா எடுத்து வைத்தார்:
சிரட்டையளவு அலுமினியம்,
மேலே மஞ்சள் சோக்கில் யாரோ எழுதிய ஜப்பான் எழுத்து.
பழைய பற்றரியில் இரண்டு வயரைத் தொட்டுக் காட்டினார்.
தண்டு அரைவட்டம் போனது,
ஏதோ மறந்ததுபோலத் திரும்பி வந்தது.
“பனி தள்ளின சாமான் இது. மழையெல்லாம் இதுக்கு விளையாட்டு.”
பத்து என்றார், ஏழு என்றேன்.
எட்டரையில் முடிந்தது.
ரிட்டர்ன் இல்லை.

போயா லீவு. மழைக்கும் லீவு.
நட்டு கழன்றது, கை கழலவில்லை.
கடற்காற்றின் உப்பு அதைத் தண்டோடு கலியாணம் கட்டி வைத்திருந்தது.
எண்ணெய் அடித்து, தேத்தண்ணி குடித்து,
மறுபடி அடித்து,
பல் பிடுங்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டி.
உள் பலகையில் பன்னிரண்டு கிளிப்,
ஐந்து உடைந்தன.

உள்ளே ஒரு குளவிக் கூடு, ஐம்பது சதக் குற்றி,
வயர்க்கட்டைச் சுற்றி
ஏழு முடிச்சோடு ஊத்தை பிடித்த வெள்ளை நூல்.
பிரித் நூல்.
எனக்கு முன் இதை ஓட்டிய யாரோ ஒருவரின் பயம்.
முன்னால் நான் ஒட்டிய வேளாங்கண்ணி மாதாவுக்கு
பின்னால் இப்படி ஒரு கூட்டாளி இருந்தது
இவ்வளவு காலமும் தெரியாது.
அவிழ்க்கவில்லை. விலத்திப் பிடித்துக்கொண்டு
பத்தாம் நம்பர் ஸ்பானரால் மூன்று போல்ட்.

தேவையில்லைதான், ஆனாலும்
பழைய மோட்டரைத் திறந்து பார்த்தேன்.
ஒரு கரண்டி செந்தண்ணீர்.
றப்பர் வளையம் வெடித்து,
துடைத்த மழையையே சொட்டுச் சொட்டாய்க் குடித்திருக்கிறது.

புதியதைப் பூட்டிச் சாவியைத் திருப்பினால்
கை எழும்பி
வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
மறுபடி நட்டு.
முதலில் வெறும் தண்டை ஓடவிட வேண்டுமாம்,
அது தன் இடத்தில் போய் நின்ற பிறகுதான்
கையை மாட்ட வேண்டுமாம்.
இதை மதிலுக்கு மேலால் சொன்னவர் லயனல்,
விரலெல்லாம் பசை.

பிறகு பழைய வைப்பரைக் கேட்டார்.
றப்பரை உரித்து, உள்ளிருந்த இரும்புப் பட்டியை எடுத்து
முறிந்த மூங்கிலோடு வைத்துக் கட்டினார்,
கைமுறிவுக்குப் பத்துப் போடுவதுபோல.

இரவு மழை வந்தது.
வேலை ஒன்றும் இல்லை, சும்மா காரைப் பின்னெடுத்தேன்.
கண்ணாடி முழுக்கக் கரைந்த சிவப்பும் நீலமும்.
ஒரு அரைவட்டம்:
எட்டுப் பட்டையும் தெரிந்தது,
ஒன்று மட்டும் கொஞ்சம் விறைப்பாக.
மறுபடி கரைந்தது. மறுபடி தெரிந்தது.

“என்ன, என்ன.”
ஒண்டுமில்லை.
“எத்தி.”
இன்னும் ஓர் அடி இடமிருந்தது.
நிறுத்தினேன்.