மூன்று நாற்பது

யூரித்தேன் சக்கரம் பொய் சொல்லாது.
கல்லென்றால் கல் என்று சொல்லும்,
விரிசலென்றால் விரிசல்.
யாரோ சாக்கடை மூடியைக் கோணலாய்ப் போட்டுவைத்தால்
அதையும் என் முழங்காலில் எழுதிவிட்டுப் போகும்.

பெல்ஜியத்தின் இந்தக் கெண்ட் நகரில்
வழவழப்பான தார்ச்சாலை
ஊறுகாய் அளவுதான்.
என் தெரு முழுக்கக் கருங்கல்.
ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசை பார்த்து
முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

விடிகாலை மூன்று நாற்பதுக்குப் புறப்படுகிறேன்.
பேக்கரியில் நான் மாவைப் பிசையுமுன்
தெரு என் பாதங்களைப் பிசைந்து முடித்திருக்கும்.
மின்பலகையிலிருந்து வாரத்துக்கொரு திருகாணி
சொல்லாமல் கொள்ளாமல் கழன்று போகும்.
ஊரைக் கூட்டுகிறேன் என்று
கீழ்வீட்டு ரோஹிர் வெர்ஹாகன்
என் கதவிடுக்கில் சீட்டுச் செருகுவார்.

முதல் சீட்டு: "தெருவை இடிக்கிறீர்களா?"
ஐந்தாவது: "நானும் வேலைக்குப் போகிறவன்தான்."
ஒன்பதாவதில் எழுத்தே இல்லை.
நான்கு சக்கரம் வரைந்து
குறுக்கே ஒரு கோடு.
அழகாகத்தான் வரைந்திருந்தார்.

"காற்று டயர் போட்டுவிடு, ஒடீல்," என்றான் தஹ்சின்.
பழுதுபார்க்கும் மேசையில் இரண்டையும் வைத்தான்.
"ஆறு அங்குலம். கல்லெல்லாம் மெத்தையாகும்."
எதைக் கொடுத்து, என்று கேட்டேன்.
இருபத்துநான்கு கிலோமீட்டர் ஓடுகிற பேட்டரி
பதினேழிலேயே நாக்குத் தள்ளும்.
பலகை கனக்கும், மாடிப்படியில் தெரியும்.
வாரம் தவறாமல் பம்ப் அடிக்கணும்.
ஞாயிறு விடியலில் பீர் பாட்டில் சில்லு.
பின்சக்கரம் என்றால்
பல்லையும் பெல்ட்டையும் கழற்றித்தான் ட்யூப்,
அதுவும் மழையில்தான் நடக்கும், பார்.

"யூரித்தேன் பஞ்சராகாதே?"
"ஆகாது. நீதான் ஆவாய்."

பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
மாவு பதமா என்று பார்ப்பதைப் போல.
ஒன்று அசையவேயில்லை, நேற்றைய ரொட்டி.
மற்றது அழுந்தி, சட்டென்று எழுந்தது.
இன்னும் புளிக்கணும் என்றது கை.
ஆனாலும் அதைத்தான் வாங்கினேன்.

முதல் நாள்
காதும் காதும் வைத்தாற்போலத் தெருவைக் கடந்தேன்.
கற்கள் கீழேதான் இருந்தன,
மூடிய கதவுக்கு அப்பால் பேசுகிறவர்களைப் போல.
கால்வாயில் ஒரு வாத்து தூக்கத்தில் முனகியது.
என் சட்டையின் ஜிப்
இத்தனை நாளும் கிலுங்கிக்கொண்டா இருந்தது?

திங்கட்கிழமை ஸ்டெங்கா பிந்தி வந்தாள்.
மருத்துவமனையில் தரை துடைக்கிறவள்,
ஐந்தரைக்கு வந்து ஒரு பன் வாங்குவாள்.
முகம் சிவந்து மூச்சிரைத்தாள்.
"தூங்குமூஞ்சி," என்று கேலி செய்தேன்.
பதில் சொல்லாமல் சில்லறையை எண்ணி வைத்தாள்.

வீடு திரும்பினால் கதவிடுக்கில் பத்தாவது சீட்டு.

"இன்று நீங்கள் போகவில்லையா?
உடம்புக்கு ஏதாவதா?
முதல் டிராம் என்னுடையது.
பதினாறு நிமிடம் தாமதம்.
அலாரம் ஒன்று வைத்திருக்கிறேன்,
அது உங்கள் அளவுக்கு இல்லை."

படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை வாசித்தேன்.
ஜன்னலோரம் பழைய யூரித்தேன்கள் நான்கு,
விளிம்பில் கல் தின்ற தழும்போடு.
மாற்றிவிட நாற்பது நிமிடமும்
ஒரு அறுகோணச் சாவியும் போதும்.
முழங்கால் முடியாது என்றது.
ஸ்டெங்காவின் சில்லறை நினைவுக்கு வந்தது.
முழங்கால் மறுபடியும் முடியாது என்றது.

இப்போதெல்லாம்
பலகையைக் கக்கத்தில் இடுக்கி இறங்கி வந்து
அவர் கதவில் விரல்முட்டியால் மூன்று தட்டு.
உள்ளே ஒரு இருமல் கேட்டதும்
காற்றின்மேல் ஏறி நின்று போய்விடுவேன்.

நேற்று பதினொன்றாவது சீட்டு வந்தது:
"கொஞ்சம் மெதுவாகத் தட்டலாம்."